லூகாஸ்ஃபிலிமுக்கு ஒரு திறந்த மடல்: தயவுசெய்து எங்கள் பேச்சைக் கேட்காதீர்கள்

லூகாஸ்ஃபிலிமில் அடுத்த 'ஸ்டார் வார்ஸ்' கதை என்னவென்று முடிவெடுக்கும் எல்லோருக்கும்,

வணக்கம். 2027 மே 28 அன்று 'ஸ்டார்ஃபைட்டர்' வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். ஷான் லெவி இயக்குகிறார், ரையன் காஸ்லிங் நடிக்கிறார், 2019-இல் வந்த 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' கதை முடிந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்து நடக்கும் தனிக்கதை என்றீர்கள். அதற்கு முன்பே, 2023 ஏப்ரலில் லண்டனில் நடந்த விழாவில் டெய்சி ரிட்லியை மேடையேற்றி, 2015 முதல் 2019 வரை வந்த மூன்று படங்களில் அவர் நடித்த நாயகி ரே, 'ஜெடாய்' என்ற வீரத் துறவிகளின் அமைப்பைப் புதிதாகக் கட்டி எழுப்பும் படம் ஒன்றையும் அறிவித்தீர்கள். அந்தப் படத்துக்கு எழுத்தாளர்கள் வந்தார்கள், போனார்கள். ஆக, ஸ்கைவாக்கர் குடும்பத்தின் கதை முடிந்தது என்று சொல்லி மூடிய கதவை மறுபடி திறக்கப் போகிறீர்கள்.

செய்தியைக் கேட்டு ரசிகர்களான எங்களில் பாதிப் பேர் துள்ளினார்கள். மீதிப் பேர் "ஐயோ, மறுபடியுமா?" என்றார்கள். விசாரித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் இருப்பது ஒரே ஆட்கள்தான். ஜான் வில்லியம்ஸின் இசை ஒலித்து, மஞ்சள் எழுத்துகள் விண்வெளிக்குள் நகரத் தொடங்கினால் புல்லரிக்கும். படம் முடிந்து விளக்கு எரியும்போது சண்டை தொடங்கும். இதைப் பல வருடமாகச் செய்து வருகிறோம், எங்களுக்கே அலுக்கவில்லை.

ரசிகர்களின் கருத்தை மதித்துப் படம் எடுங்கள் என்று உங்களுக்கு எத்தனையோ மடல்கள் வந்திருக்கும். இது அதற்கு நேர் எதிரான மடல். எங்கள் பேச்சைக் கேட்டு எடுக்காதீர்கள். அதைவிட முக்கியம், எங்களுக்குப் பயந்து எடுக்காதீர்கள்.

2015-இலிருந்து பார்ப்போம். 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' வந்தபோது கொண்டாடினோம். உலகம் முழுக்க 200 கோடி டாலருக்கு மேல் வசூல். அடுத்த மாதமே குறை சொல்ல ஆரம்பித்தோம். பாலைவனத்தில் தனியாக வளரும் பிள்ளை, ரகசியத்தைச் சுமந்து வரும் ரோபோ, கிரகங்களை அழிக்கும் ராட்சத ஆயுதம், இதெல்லாம் 1977 படத்திலேயே பார்த்ததுதானே என்றோம். நியாயமான குறைதான். சரி என்று 2017-இல் ரையன் ஜான்சன் 'தி லாஸ்ட் ஜெடாய்' மூலம் வேறு திசையில் போனார். ரே நீட்டிய லைட்சேபரை, அதாவது ஜெடாய்களின் ஒளிவாளை, 1977 படத்தின் நாயகன் லூக் ஸ்கைவாக்கர் வாங்கித் தோளுக்குப் பின்னால் தூக்கி எறிந்தார். ரேயின் பெற்றோர் யார் என்று நாங்கள் இரண்டு வருடம் போட்ட கணக்கெல்லாம் வீண்; குடிக்கக் காசு வேண்டி மகளை விற்ற குப்பை வியாபாரிகள், அவ்வளவுதான் என்றார் வில்லன் கைலோ ரென். இந்தமுறை புதிதாக இருக்கிறதே என்று கோபப்பட்டோம்.

அந்தப் படத்தில் எனக்கும் குறைகள் உண்டு. சூதாட்ட நகரத்துப் பகுதி இழுவை. லூக்கின் மனச்சோர்வை, லூக்காக நடித்த மார்க் ஹாமிலே முதலில் ஏற்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார் என்றால், ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனால் அதே லூக், இருந்த இடத்தை விட்டு அசையாமல் தன் உருவத்தை மட்டும் இன்னொரு கிரகத்துக்கு அனுப்பி, ஒருவரையும் கொல்லாமல் ஒரு படையையே நிறுத்தி வைத்துவிட்டு, இரட்டைச் சூரியன்களைப் பார்த்தபடி மறைகிறார். ஆயுதத்தைத் தற்காப்புக்குத்தான் எடுக்க வேண்டும் என்று ஜெடாய்கள் பேசிவந்ததைச் செய்து காட்டிய காட்சி அது. பிடிக்கவில்லை என்று சொன்ன பலர் அந்த இடத்தில் அழுததும் எனக்குத் தெரியும்.

அப்புறம் 2019. அந்தப் படத்தைப் பற்றித்தான் உங்களிடம் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேச வேண்டும். ரே யாரும் இல்லாதவள் என்றீர்களே, இப்போது கொடுங்கோல் பேரரசர் பால்படீனின் பேத்தி. கைலோ அடித்து நொறுக்கிய முகமூடி ஒட்டவைக்கப்பட்டுச் சிவப்புக் கீறல்களோடு திரும்பியது. ரே தீயில் எறிந்த லைட்சேபரை லூக்கின் ஆவி வந்து கையில் பிடித்து, ஜெடாயின் ஆயுதத்துக்கு மரியாதை கொடு என்று புத்தி சொன்னது. போன படத்தில் முக்கியமான பாத்திரமாக வந்த ரோஸ் டிகோ, இந்தப் படத்தில் ஓரமாக நின்று ஒன்றிரண்டு வரி பேசினாள். பழைய படங்களின் வில்லன் வேடர் 1983-இல் தன் உயிரைக் கொடுத்து ஒழித்த அந்தப் பேரரசர் 'எப்படியோ' திரும்பி வந்துவிட்டார். அவர் திரும்பியதை அண்டத்துக்கே அறிவிக்கும் ஒலிபரப்பு படத்தில்கூட இல்லை. அதை ஒரு வீடியோ கேமுக்குள் போய்க் கேட்க வேண்டியிருந்தது!

இயக்குநர் நடுவில் மாறியதால் இப்படி ஆனதா, எங்கள் கூச்சலால் ஆனதா என்பது உங்களுக்குத்தான் வெளிச்சம். கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது இரண்டரை மணி நேர மன்னிப்புக் கடிதமாகத்தான் தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், மன்னிப்புக் கேட்கச் சொன்னவர்களுக்கும் அது பிடிக்கவில்லை.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் காரணம் முன்கூட்டிய திட்டம் இல்லாததுதான் என்று எங்களில் பலர் சொல்வார்கள். நான் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜார்ஜ் லூகாஸிடம் மட்டும் எல்லாம் திட்டமாகவா இருந்தது? 'எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்துக்கு லீ ப்ராக்கெட் 1978-இல் எழுதிய முதல் வரைவில் லூக்கின் அப்பா ஆவியாக வருகிறார்; வேடர் வேறு ஆள். இருவரையும் ஒருவராக்கும் யோசனை அதற்குப் பிறகு வந்தது. வந்த பிறகு அதை எப்படிப் பொத்திப் பாதுகாத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. வேடரின் உடைக்குள் நடித்த டேவிட் ப்ரௌஸுக்கே வேறு வசனம் கொடுத்தார்கள். மார்க் ஹாமிலுக்குக் காட்சி எடுக்கும் தறுவாயில்தான் உண்மையைச் சொன்னார்கள். 1980 படத்தில் இளவரசி லேயா லூக்குக்குக் கொடுக்கும் முத்தத்தைப் பார்த்தாலே, அவர்கள் உடன்பிறந்தவர்கள் என்று அப்போது யாரும் முடிவு செய்திருக்கவில்லை என்பது புரியும். அதைப் பற்றி மேலே பேசாமல் விடுவது எல்லோருக்கும் நல்லது.

ஆகவே மனம் மாறுவது தப்பில்லை. லூகாஸ் மனம் மாறியது கதையை முன்னால் தள்ளியது, அவ்வளவுதான் வித்தியாசம். வேடர் சொன்னது உண்மையா பொய்யா என்று மூன்று வருடம் ஜனங்கள் வாதாடினார்கள். வேடருக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸே, வசனத்தைப் படித்ததும் வேடர் பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தாராம். 1983-இல் என்ன செய்தார்கள்? பின்வாங்கவில்லை. சாகக் கிடக்கும் ஜெடாய் குரு யோடாவின் வாயால் ஆமாம், அவர்தான் உன் அப்பா என்று உறுதியாகச் சொல்ல வைத்து, அந்த உறவின் மேல் முழுப் படத்தையும் கட்டினார்கள். அன்றைக்கே இணையம் இருந்திருந்தால் நாங்கள் சும்மா விட்டிருப்போமா? 'தி லாஸ்ட் ஜெடாய்' படத்தை அதிகாரப்பூர்வக் கதையிலிருந்தே நீக்கச் சொல்லி மனுப் போட்டுக் கையெழுத்து வாங்கிய கூட்டம் இது.

எங்கள் தீர்ப்பு எவ்வளவு நாள் தாங்கும் என்பதையும் பாருங்கள். 1999 முதல் 2005 வரை வந்த மூன்று படங்களை நாங்கள் பேசாத பேச்சில்லை. அந்தப் படங்களோடு வளர்ந்த பிள்ளைகள் இன்று பெரியவர்கள். 2025 ஏப்ரலில் 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்' இருபதாம் ஆண்டுக்காக மறுபடி திரைக்கு வந்தபோது கூட்டம் அலைமோதியது. இளம் வேடராக வந்து, மரம் மாதிரி நடிக்கிறார் என்று திட்டு வாங்கிய ஹேடன் கிறிஸ்டென்சனுக்கு இப்போது மேடையேறினால் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற கோமாளிப் பாத்திரமாக நடித்த அகமது பெஸ்ட், அன்று தன்மேல் கொட்டிய வெறுப்பில் உயிரை விடவும் நினைத்ததாகப் பின்னாளில் சொன்னார். 2023-இல் அவரே குட்டி க்ரோகுவைக் காப்பாற்றும் ஜெடாயாக வந்தபோது ஆரவாரம். ரோஸாக நடித்த கெல்லி மேரி ட்ரான், இனவெறி வசவு தாங்காமல் 2018-இல் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளை எல்லாம் அழித்தார். அதற்கு மறு வருடம் வந்த படத்தில்தான் ரோஸ் ஓரமாக நின்றாள். வசவு பாடியவர்கள் அதைத் தங்கள் வெற்றியாக எடுத்துக்கொண்டார்கள். விமர்சனத்தையும் இந்த வசவையும் ஒரே பெட்டியில் போட்டு 'ரசிகர் கருத்து' என்று எழுதி ஒட்டாதீர்கள்.

நாங்கள் கேட்காமலே நீங்கள் கொடுத்ததைச் சொல்கிறேன். காசியன் ஆண்டோர் என்ற உளவாளியின் பழைய வாழ்க்கை வேண்டும் என்று எங்களில் பெரிதாக யாரும் கேட்கவில்லை. லைட்சேபர் சண்டை இல்லை, ஸ்கைவாக்கர் குடும்பம் இல்லை. டோனி கில்ராய் 2022-இலும் 2025-இலும் 'ஆண்டோர்' தொடராக, இரண்டு பாகமாக அதைக் கொடுத்தார். பேரரசின் அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பு பார்ப்பவர்கள், சிறைக்குள் எதற்கென்றே தெரியாமல் பாகங்களைப் பொருத்தும் கைதிகள், மகளின் திருமணத்தில் வெறித்தனமாக ஆடும் செனட்டர் மோன் மோத்மா என்று நாங்கள் யோசித்தே பார்க்காத பக்கங்கள். வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் அந்தத் தொடர் வந்தே இருக்காது.

சரி, கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டு நானும் ஒன்று கேட்கத்தான் போகிறேன். ஃபின்னை என்ன செய்தீர்கள்? குழந்தையாகத் தூக்கிவரப்பட்டு, எஃப்என்-2187 என்ற எண்ணோடு வில்லன் படையின் சிப்பாயாக வளர்ந்து, தலைக்கவசத்தில் ரத்தக் கறையோடு முதல் சண்டையிலேயே சுட மறுத்தவன். 2015-இல் நீங்கள் கொண்டுவந்ததிலேயே புதுமையான பாத்திரம் அவன்தான். முகமூடிக்குள் இருப்பவனும் மனிதன் என்று அந்த ஒரு காட்சி சொன்னது. பிறகு அவன் ரேயின் பெயரைக் கூவிக்கொண்டு ஓடுபவனாகிவிட்டான். தன்னை ஒதுக்கிவிட்டதாக, ஃபின்னாக நடித்த ஜான் பொயேகா 2020-இல் மனம் விட்டுப் பேசினார். படங்களைப் பார்த்தால் மறுக்க முடியவில்லை. 2019 படத்தில் ஜானாவும் அவளுடைய கூட்டமும் அதே மாதிரி ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு வந்தவர்கள் என்று ஒரு காட்சி வந்தது, அதையும் அப்படியே விட்டுவிட்டீர்கள். போர் முடிந்ததும் இப்படிப் பெயர்கூட இல்லாமல் வளர்க்கப்பட்ட சிப்பாய்கள் எங்கே போனார்கள், அவர்களை யார் ஏற்றுக்கொண்டார்கள்? 'ஸ்டார்ஃபைட்டர்' நடக்கும் காலம் சரியாக அதுதானே. அங்கே முடியாவிட்டால் ரேயின் புதிய ஜெடாய் அமைப்பில் அவனுக்கு ஓர் இடம் கொடுங்கள்.

பழைய படங்களின் ஹான், லூக், லேயா மூவரையும் ஒரே காட்சியில் மறுபடி பார்க்கும் வாய்ப்பு 2015-லேயே போய்விட்டது. 2016 டிசம்பரில் லேயாவாக நடித்த கேரி ஃபிஷரும் போய்விட்டார். அந்த வருத்தம் எங்களிடமே இருக்கட்டும். கணினியில் முகம் செய்து ஈடுகட்ட முயல வேண்டாம். செத்தவர்களைத் திரும்ப எழுப்பவும் வேண்டாம்.

நீங்கள் என்ன எடுத்தாலும் முதல் நாளே வருவோம். ட்ரெய்லரை ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திப் பார்த்து ஆளுக்கொரு கதை கட்டுவோம், அது நடக்கவில்லை என்று படம் பார்த்துவிட்டுத் திட்டுவோம். நாங்கள் திட்ட ஆரம்பிப்பதற்குள் அடுத்த படத்தின் திரைக்கதையை எழுதி முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இதுவரை வந்த எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு ரசிகர்