பானட்டுக்குள் இறங்கும் மழை

நாகலூர், ஏற்காடு

அன்புள்ள பாப்பா,

நீ போட்ட பணம் வந்து சேர்ந்தது. மழைத் தண்ணீர் எஞ்சினில் படாமல் இருக்க, ஜீப்பின் பானட்டை, அதாவது எஞ்சின் மூடியை, சுற்றிலும் சிலிக்கான் பேஸ்ட் வைத்து, ஒரு சொட்டு இறங்காமல் அடைத்துவிடச் சொல்லியிருந்தாய். அது வேண்டாம். போனில் சொன்னால் பாதிப் பேச்சில் சிக்னல் போய்விடுகிறது, மீதிக்கு நீயே ஒரு அர்த்தம் பண்ணிக்கொள்கிறாய். அதனால்தான் கடிதம்.

உன் வண்டி சிஜே 3பி. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1953-இல் கொண்டுவந்த மாடல், அப்புறம் மஹிந்திரா அதையே இங்கே நெடுங்காலம் செய்தது. அந்த மாடலுக்கென்று வில்லிஸ் புதிதாகப் போட்ட எஞ்சின் உயரமாகிவிட்டது, அதற்கு இடம் விடத்தான் பானட்டை அப்படித் தூக்கி வைத்தார்கள். அந்தப் பானட் பின்பக்கம் கண்ணாடிக்குக் கீழுள்ள தகரத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. பக்கத்துக்கு ஒரு கொக்கி, அவ்வளவுதான். முன்னால் கிரில் முழுக்க ஓட்டை, அடியில் எஞ்சினுக்குக் கீழே நேராகத் தரைதான். மேலே எவ்வளவு அடைத்தாலும் முன்சக்கரம் கீழிருந்து வாரி அடிக்கும். அதோடு, கடையில் கிடைக்கிற சாதா சிலிக்கானில் வினிகர் வாடை வரும் பார், காயும்போது அது விடுகிற அமிலம் தகரத்தை அரிக்கும். துருவுக்கு நாமே காசு கொடுத்த கதை ஆகிவிடும்.

தண்ணீர் உள்ளே வரட்டும். வந்த வேகத்தில் வெளியே போக வழி இருந்தால் போதும். கரண்ட் போகிற இடத்தையும் காற்று இழுக்கிற இடத்தையும் மட்டும் அது தொடக் கூடாது.

கரண்ட் விஷயம்தான் பெரிசு. பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் என்கிற கம்பிச் சுருள் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றுகிறது, அதை டிஸ்ட்ரிபியூட்டர் பங்கு பிரித்து, பெட்ரோலைப் பற்றவைக்கிற ஒவ்வொரு பிளக்குக்கும் அனுப்புகிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை கேப் என்பார்கள், அதன் மேல் ஈரப்படலம் இருந்தால் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அந்த ஈரத்தின் மேலேயே ஓடி பாடியில் இறங்கிவிடும். அப்போதுதான் வண்டி மிஸ்ஸாகும், திணறும். இதற்கு மழையே பெய்ய வேண்டாம். நம் ஊர் மூடுபனி போதும். சாயங்காலம் சூடாக வந்து நிற்கிற எஞ்சின் ராத்திரி குளிரும்போது, கேப்புக்குள் ஈரக்காற்றை இழுத்துக்கொள்ளும். காலையில் கழற்றிப் பார்த்தால் உள்ளே முத்து முத்தாக நீர் நிற்கும். காய்ந்த துணியால் துடைத்துப் போட்டால் கிளம்பிவிடும். ஆனால் உள்ளே பென்சிலால் கீறினது போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் துடைத்துப் பயனில்லை. கரண்ட் தனக்கென்று ஒரு தடம் எரித்துக்கொண்டது என்று அர்த்தம். கேப்பை மாற்றித்தான் ஆக வேண்டும்.

பழைய வயர் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க நல்ல இருட்டு வேண்டும். ராத்திரி லைட்டை எல்லாம் அணைத்து, பானட்டைத் திறந்து வைத்து எஞ்சினை ஓட விடு. பனி இறங்கும் நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. கசிகிற இடத்தில் வயர் மேல் நீலமாகப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதே. உன் வண்டியில் நானும் அப்பாவும் பார்த்துவிட்டோம், இரண்டு பிளக் வயர் போய்விட்டது. சேலத்தில் குகை ஏரியாப் பக்கம் இருக்கிற மெக்கானிக் செட்டாகவே மாற்றிவிடலாம் என்கிறார், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. புது வயரைக் கேப்புக்குள் செருகும் முன் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு வளைத்து ஏற்றச் சொல்லியிருக்கிறேன். வயர் வழியே வருகிற தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், கேப் வரைக்கும் ஏறாது. ரப்பர் மூடிகளுக்குள் சிலிக்கான் கிரீஸ் வைக்கலாம். நீ சொன்ன பேஸ்ட் வேறு, இது வேறு, கடைக்காரனிடம் மாற்றி வாங்கிவிடாதே.

டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பாலிதீன் பை கட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போக முடியாமல் அங்கேயே வேர்க்கும். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் செய்த எம் 38 ஜீப்பில் தண்ணீர் புகாத 24 வோல்ட் ஏற்பாடு இருந்தது. அதிலேயே டிஸ்ட்ரிபியூட்டருக்கு மூச்சுவிடக் குழாய் வைத்துத்தான் மூடினார்கள்.

இனி காற்று இழுக்கிற இடம். எஞ்சினுக்குப் போகிற காற்றை வடிகட்டுகிற ஏர் கிளீனர் எண்ணெய்க் கிண்ணம் வைத்த ரகம். தண்ணீர் போனால் எண்ணெய்க்கு அடியில் தங்கும், எண்ணெய் மேலே ஏறும், கலங்கி வெளுத்துவிடும். மழை மாதங்களில் அடிக்கடி திறந்து பார்த்தால் போதும். சேலத்தில் ரயில் பாலத்தடியில் தண்ணீர் நின்றால் மட்டும் தயவு செய்து இறங்காதே. ஃபேன் இறக்கை தண்ணீரைத் தொட்டால் எஞ்சின் மேல் மொத்தத்தையும் வாரி இறைக்கும். கார்பரேட்டர் வழியாக சிலிண்டருக்குள் போய்விட்டால் இன்னும் மோசம், தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது, பிஸ்டனைத் தள்ளுகிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

பானட்டின் பின் விளிம்பு உட்காரும் இடத்தில் முன்பு ஒரு துணிப்பட்டை இருந்திருக்கிறது, அதன் ரிவெட் ஓட்டைகள் மட்டும் மிச்சம். தகரத்தோடு தகரம் உராயாமல் இருக்க வைத்தது. அந்த இடத்தில் பீடிங் என்கிற ரப்பர் பட்டை ஒட்டச் சொல்லிவிட்டேன். நீ கேட்டதில் இந்த அளவுக்குத்தான் சம்மதம். எஞ்சினுக்கும் நம் காலுக்கும் நடுவில் உள்ள தகரத்தில் வயர் நுழைகிற ஓட்டைகளுக்கும் புது ரப்பர் வளையம் போடுகிறார்கள். பேட்டரித் தட்டின் அடி ஓட்டை சில்வர் ஓக் இலை மக்கி அடைத்துக் கிடந்தது, குச்சி விட்டு எடுத்தேன். நீ வந்தால் பானட்டைத் திறந்ததும் முதலில் இலையை அள்ளு.

கிரில்லுக்கு முன்னால் பிளக்ஸ் பேனர் கட்டுகிற யோசனையை யாராவது சொல்வார்கள். ரேடியேட்டருக்குக் காற்று போகாது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும், பாதியிலேயே கொதித்துவிடும்.

அப்பாவுக்கு வேறு கட்சி. ஒரு தார்ப்பாயை வாங்கி வைத்துக்கொண்டு வண்டியை இழுத்துப் போர்த்துவதிலேயே இருக்கிறார். வெயில் வந்தால் உள்ளே புழுங்கும், ஈரம் தகரத்திலேயே நிற்கும். இப்போது நாலு கம்பு நட்டு, வண்டிக்கு மேல் கூரை மாதிரி கட்டலாம் என்று சமாதானத்துக்கு வந்திருக்கிறோம். வண்டியின் மூக்கு சரிவைப் பார்த்து இருக்கும்படி நிறுத்துகிறேன். அப்படி நின்றால் பானட் மேல் விழுகிற தண்ணீர் முன்னால் ஓடிவிடும், கண்ணாடிப் பக்கம் வராது. கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல்லும் முட்டுக் கொடுத்திருக்கிறேன், பயப்படாதே.

தீபாவளிக்கு வரும்போது டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பும் அதற்குள் சுழல்கிற ரோட்டாரும் ஒவ்வொன்று கூடுதலாக வாங்கி வா. பழைய கேப்பின் படத்தை வாட்ஸப்பில் போடுகிறேன், அதைக் காட்டியே கேள். வயர் செட்டுக்கும் பீடிங்குக்கும் நீ போட்ட பணமே போதும். மீதியில் அப்பா கம்பு வாங்கிவிட்டார்.

அன்புடன்,
அம்மா