காது கேட்காத நாய்க்கு 45 நாள் கட்டளை: கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியர், மதுரை.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள், நாய்ப் பயிற்சி நிறுவனம், கோயம்புத்தூர்.

பொருள்: தங்கள் முகாமில் 45 நாள் பயிற்சிக்கு விடப்பட்ட என் ராஜபாளையம் நாய் தொடர்பாக, கட்டணத்தையும் இழப்பீட்டையும் கோருதல். இது ஐந்தாவது கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதற்கு முன் அனுப்பிய நான்கு மின்னஞ்சல்களுக்கும் 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று ஒரே பதில் வந்தது. நான் கருத்துச் சொல்லவில்லை ஐயா, புகார் சொன்னேன். அதனால் இதைத் தபாலில், ஒப்புகை வாங்கிக்கொண்டு அனுப்புகிறேன். யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும்.

என் நாய் பால்பாண்டியை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்கள் பதிவேட்டில் இருக்கிறான். பின்கட்டில் மூன்றாவது கூண்டு, தங்கள் முழுமைத் திட்டம், 38,500 ரூபாய். அந்தத் திட்டத்தில் என்னென்ன உண்டு என்பது எனக்கு விளங்கியதைவிடத் தங்களுக்கு நன்றாகவே தெரியும்.

மே மாதம் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். 'நேரில் வாருங்கள், பயிற்சியாளரே உட்கார்ந்து பேசுவார்' என்று உங்கள் அலுவலகத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள். அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் என்று இருநூறு கிலோமீட்டருக்கு மேல். பின் இருக்கையில் நாய், அதன் பக்கத்தில் முழங்கால் வலியோடு என் மனைவி. தாராபுரத்தில் நாய் வாந்தி எடுத்தது. பத்தே முக்காலுக்கு உங்கள் வாசலில் நின்றோம். கதவு பூட்டியிருந்தது. காவலாளி சொன்னார்: "சார் ஊட்டி நாய்க் கண்காட்சிக்குப் போயிருக்கிறாரே, உங்களுக்குச் சொல்லவில்லையா?" சொல்லவில்லை. கண்காட்சித் தேதி முதல் நாள் இரவில்தான் முடிவானதா? அந்தக் காவலாளி நல்ல மனிதர், நாய்க்குத் தண்ணீர் வைத்தார். ஆனால் வந்ததற்கு அடையாளமாக நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். 'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில் 'ஏமாறுதல்' என்று எழுதியிருக்கிறேன், எடுத்துப் பாருங்கள்.

அதையாவது மறந்துவிடலாம். மறக்க முடியாதது உங்கள் வாடிக்கையாளர் தொடர்பு அலுவலர் ஜூன் மாதம் தொலைபேசியில் சொன்னது. நாய்க்கு இரண்டு காதும் கேட்காது என்று எங்கள் கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார் என்ற விஷயத்தை நான் தெரிவித்ததும், அந்தத் தம்பி கொஞ்சமும் யோசிக்காமல், "காது கேட்காத நாயை மறைத்து எங்களிடம் தள்ளிவிட்டது நீங்கள்தான் சார், நியாயப்படி நாங்கள்தான் உங்கள் மேல் புகார் கொடுக்க வேண்டும்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இன்னொருவரும் சிரித்தது கேட்டது. பிறகு இணைப்பைத் துண்டிக்காமல் ஏதோ இசையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பதினேழு நிமிடம் அந்த இசையைக் கேட்டேன். அன்று மாலையே 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. எதைத் தீர்த்தீர்கள் ஐயா?

மறைத்தோமாம். தெரிந்திருந்தால்தானே மறைப்பதற்கு!

நான் நாய்க்காரன் இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் வாத்தியார் வேலை பார்த்தவன். ஐம்பது நாள் குட்டியாக இவன் வந்தான். கூப்பிட்டால் சில நேரம் வருவான், சில நேரம் வரமாட்டான். திமிர் என்று நினைத்தோம். இடி இடித்தாலும் எழாமல் தூங்குவான். தைரியசாலி என்று பெருமைப்பட்டோம். போன தீபாவளியன்று தெருவே அதிரும்போது இவன் மட்டும் வாசற்படியில் மல்லாந்து கிடந்ததைப் பக்கத்து வீட்டாருக்கெல்லாம் காட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தூங்கிக்கொண்டிருந்தவனைப் பேரன் பின்னாலிருந்து தொட்டதும் திடுக்கிட்டுக் கையைக் கவ்விவிட்டான். பல் லேசாகப் பட்டது, தடுப்பூசியெல்லாம் போட்டாகிவிட்டது. அதன் பிறகுதான் உங்களைத் தேடி வந்தோம்.

இதையெல்லாம் உங்கள் பயிற்சியாளரிடம் சொன்னேன். கூப்பிட்டால் வராதது, வெடிக்கு அசையாதது, தூக்கத்தில் தொட்டால் கவ்வுவது, எல்லாவற்றையும். அதுவும் உடம்பு முழுக்க வெள்ளையான, மூக்கு சிவந்த ராஜபாளையம். இந்த இனத்தில் காது கேளாமை அதிகம் என்பது இனத்தைப் பற்றி இரண்டு பக்கம் படித்தவர்களுக்கே தெரியும் என்கிறார் மருத்துவர். 2005ஆம் ஆண்டு அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நாய் ஐயா இது, எங்கோ அமேசான் காட்டிலிருந்து பிடித்துவந்ததல்ல. உங்கள் பயிற்சியாளர் நாயைச் சுற்றி ஒருமுறை நடந்தார், வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், "ஆதிக்க குணம், உடைத்துவிடலாம்" என்றார். அவர் எங்கே படித்தவர் என்று கேட்டதற்கு, "அனுபவம்" என்று வரவேற்பில் பதில் வந்தது.

எங்கள் மருத்துவர் என்ன செய்தார் தெரியுமா? நாய் என் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சத்தமில்லாமல் பின்னால் போய் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினார். காது அசையவில்லை. ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார். நான் துள்ளினேன், நாய் துள்ளவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் உட்காதிலும் இருக்க வேண்டுமாம். அங்கே அவை இல்லாத குட்டிகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் அழிந்துவிடுமாம். டால்மேஷன் நாய்களுக்கும் இதே கதிதானாம். உறுதி செய்துகொள்ள, மூளைத்தண்டின் மின் அலையை அளக்கும் சோதனை இருக்கிறதாம். 45 நாளில் ஒரு சாவிக்கொத்தைக் குலுக்க உங்களிடம் ஆள் இல்லையா?

பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைத் தப்பும் தவறுமாகப் பார்த்தெழுதுகிற பையனை முதலில் முன் பெஞ்சுக்கு வரச் சொல்வோம். கண் தெரியவில்லையா, மனம் இல்லையா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். (பார்க்காமல் நானும் ஒருவனை அடித்திருக்கிறேன். 1991இல். அந்தப் பையன் பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்றான்.) அதனால்தான் எனக்கு உங்கள் மேல் இவ்வளவு கோபம் வருகிறதோ என்னவோ.

நீங்கள் அனுப்பிய முப்பதாம் நாள் வீடியோ என் கைபேசியில் பத்திரமாக இருக்கிறது. அழித்துவிடாமல் வைத்திருக்கிறேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் முறை பார்த்தபோது நாய் உட்கார்ந்ததைப் பார்த்துக் கைதட்டினோம். மருத்துவர் சொன்ன பிறகு மறுபடி பார்த்தேன். பயிற்சியாளர் 'சிட்' என்று ஏழு முறை கத்துகிறார், எண்ணினேன். நாய் அவர் வாயைப் பார்க்கவே இல்லை. கையைப் பார்க்கிறது. கை மேலே போகிறது, இழுத்தால் கழுத்தை நெரிக்கும் சோக் செயின் இறுகுகிறது, நாய் உட்காருகிறது. இதற்குப் பெயர் பயிற்சியா? கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து வந்தானே, அது எதனால் என்று கேட்டபோது 'கோடைக்காலம்' என்றீர்கள்.

இழப்பு எது என்று உங்களுக்குப் புரிய வைக்க வேண்டும். காது கேட்காத நாய்க்குக் கைதான் மொழி. உள்ளங்கையை உயர்த்தினால் உட்கார், கட்டைவிரலைக் காட்டினால் 'சரியாகச் செய்தாய்', உடனே ஒரு துண்டு அவித்த முட்டை. தொலைவிலிருந்தால் தரையைத் தட்டி அதிர்வில் கூப்பிடலாம், இரவில் டார்ச் அடிக்கலாம். தூங்குகிறவனைத் தொடுவதற்கு முன் மூக்கருகே கையை நீட்டி வாசனை காட்டலாம். இதையெல்லாம் மருத்துவர் அரை மணி நேரத்தில், அதுவும் நாய்க்கு அல்ல, எங்களுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் வீட்டில் நான் கையை உயர்த்தியதும் பால்பாண்டி வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு சிறுநீர் கழித்தான். அவனுக்கு இருக்கிற ஒரே மொழியை அவனுக்கு எமனாக்கி அனுப்பியிருக்கிறீர்கள். உயர்த்திய கையைப் பார்த்து அவன் ஓடாமல் நிற்பதற்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அந்தப் பத்தொன்பது நாளும் என் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள், அந்த முழங்காலோடு.

நியாயமாகவும் பேச வேண்டும். முகாமில் வயிறாரச் சோறு போட்டிருக்கிறார்கள், எடை குறையவில்லை. கூண்டைக் கழுவுகிற பையன் இவன் மேல் பிரியமாக இருந்தான் என்றும் தெரிகிறது. அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தச் சிரித்த தம்பி என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எழுத்தில்.

என் கோரிக்கை: கட்டணம் 38,500 ரூபாய், மருத்துவச் செலவு, நான்கு முறை வந்துபோன பெட்ரோல், மன உளைச்சல் எல்லாம் சேர்த்து 2,00,000 ரூபாய். அதிகம் என்று தோன்றலாம். எங்கள் குடும்பத்தின் நிம்மதியே போய்விட்டது. மகள் பேரனை அழைத்துக்கொண்டு வருவதையே நிறுத்திவிட்டாள். என் ஆயுளில் ஐந்து வருடம் குறைந்துவிட்டது. அதற்கு விலை போட்டால் உங்கள் முகாமை விற்றாலும் காணாது.

பதினைந்து நாள் பொறுப்பேன். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் வசிக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். சேவைக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. இந்த முறை பல்லடம் வழியாக மதுரைக்கு வர வேண்டியவர் நீங்கள்தான். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். வீடியோவோடு சேர்த்துப் படித்தால் நன்றாகப் புரியும். என் மைத்துனர் வழக்கறிஞர் என்பதை ஏற்கெனவே இரண்டு கடிதங்களில் சொல்லியிருக்கிறேன்.

அவ்வளவு தூரம் போக எனக்கு விருப்பமில்லை. தாங்களே தொலைபேசியில் ஒருமுறை அழைத்துப் பேசினால் போதும். தயவுசெய்து இசை போடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பால்பாண்டியின் வீட்டுக்காரர்.

பின்குறிப்பு: நாயோடு கொடுத்தனுப்பிய பச்சைக் கட்டம் போட்ட போர்வை இன்னும் திரும்பி வரவில்லை. அது என் மனைவியுடையது. பணம் தாமதமானாலும் அதை முதலில் கூரியரில் அனுப்பிவிடவும்.