டிஸ்க்கில் இறுகிய இரண்டு ஸ்க்ரூ

தர்மபுரி
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். தோட்டத்துப் பெங்களூரா மாமரம் இந்த வருஷம் கிளை தாழக் காய்த்திருக்கிறது. உன் பங்கு தனியாக இருக்கிறது.

வீட்டிலேயே காரின் முன் பிரேக் டிஸ்க்கை, அதுதான் சக்கரத்தோடு சுழலும் அந்த இரும்புத் தட்டை, மாற்றப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். போன மாதம் நானும் அதைத்தான் செய்தேன். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கையில் உதறியது. முன்னால் லோடு லாரி, பின்சீட்டில் பிள்ளைகள். வீட்டுக்கு வந்து டிஸ்க்கின் கனத்தை அளந்தேன். அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்கும் கீழே போயிருந்தது.

ஸ்டாண்டு கொடுத்து, வீலைக் கழற்றி, டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரை பிரேக் ஓஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டியது வரை அரை மணி நேரம்தான். அப்புறம் டிஸ்க்கை, வீல் மாட்டும் ஹப்போடு பிடித்திருக்கும், தலையில் கூட்டல் குறிப் பள்ளம் உள்ள அந்த இரண்டு ஸ்டார் ஸ்க்ரூ. நேரத்தையெல்லாம் அவைதான் தின்றன.

சின்ன ஸ்க்ரூதான், 6 மி.மீ. ஆனால் அதன் தலை கூம்பு மாதிரி டிஸ்க்குக்குள் உட்கார்ந்திருக்கும். பல வருஷச் சூடும் மழைத் தண்ணீரும் சேர்ந்து துரு அதை அப்படியே கவ்விக்கொள்ளும். நான் அவசரத்தில் வீட்டிலிருந்த 2-ம் நம்பர் ஸ்க்ரூ டிரைவரை வைத்து முறுக்கினேன். அதற்கு 3-ம் நம்பர் முனை வேண்டும். இரண்டே முறுக்கில் டிரைவர் மேலே ஏறி வழுக்கியது. பள்ளத்தின் ஓரம் வெள்ளியாக மின்னியது. இன்னொரு முறுக்கு, கூட்டல் குறி வட்டக் குழியாகிவிட்டது.

அதோடு நிறுத்தினேன். இரண்டாவது ஸ்க்ரூவின் பள்ளத்தில் இருந்த துருவைக் கோணூசியால் சுரண்டி எடுத்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் இம்பாக்ட் டிரைவர் வாங்கி வந்தேன். கையால் பிடித்துச் சுத்தியலால் அடிக்கிற வகை. கழற்றும் பக்கம் திருப்பி வைத்து அடித்தால், அதே அடி முனையைப் பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டே திருப்பும். வழுக்க இடமே இல்லை. நாலாவது அடியில் ‘டக்’கென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் விரலாலேயே சுழன்று வந்தது.

வழுக்கிப்போனதற்கு டிரில்தான். நடுவில் பஞ்ச் அடித்து, சின்ன பிட்டில் ஆரம்பித்து 8 மி.மீ. வரை போனேன். தலை துண்டாகி டிஸ்க் கையோடு வந்தது. இழுத்துப் பிடிக்கத் தலை இல்லாததால் மிச்சத் தண்டை வைஸ் கிரிப்பால், அதுதான் பூட்டிக்கொள்ளும் குறடால், பிடித்ததும் சுலபமாகத் திரும்பியது. தலை போனால் பயப்படாதே. ஓடும்போது டிஸ்க்கைப் பிடிப்பது வீல் நட்டுகள்தான், இந்த ஸ்க்ரூ வீல் இல்லாதபோது டிஸ்க் நகராமல் இருக்க மட்டும். ஆனாலும் புதுசு போட்டேன், மரை இறுகிப்போகாமல் இருக்க ஆன்டி சீஸ் பசையை அதில் கொஞ்சமாகத் தடவி. அடுத்த முறை கழற்றுபவர் அவதிப்படக் கூடாது.

ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய். துரு மிச்சமிருந்தால் புது டிஸ்க்கும் கோணலாக உட்கார்ந்து மறுபடி உதறும். புது டிஸ்க்கின் மேல் இருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்துவிடு. டிஸ்க்கில் அழுந்தும் பிரேக் பேடும் புதுசாகப் போடு. எல்லாம் முடிந்ததும் பெடல் இறுகும்வரை பலமுறை மிதித்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும். இதை மட்டும் மறக்காதே.

அடுத்த ஞாயிறு நான் கிருஷ்ணகிரி வருகிறேன், இம்பாக்ட் டிரைவரும் மாங்காய் மூட்டையும் எடுத்துக்கொண்டு. சனிக்கிழமை ராத்திரி வீலைக் கழற்றி ஸ்க்ரூ தலையில் எண்ணெய் மட்டும் விட்டு வை. அப்புறம் வண்டியை எடுக்காதே. நான் வரும்வரை டிரைவரை அதன்மேல் வைக்காதே.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்