சிறிய வீட்டின் வரைபடத்தையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரங்களில் குறைந்த செலவில் கட்டப்படும் சிறிய வீடுகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை ஒன்றுக்கு இருமுறை படித்தேன். சுவருக்குள் மடங்கிப்போகும் கட்டில், படிக்கட்டுக்கு அடியில் இழுப்பறை, மேசையாக விரியும் அலமாரிக் கதவு என்று அதில் வந்திருந்த படங்கள் எல்லாம் அழகாகவே இருந்தன. ஆனால் அத்தனை படங்களுக்கு நடுவே ஒரு வீட்டின் பிளான்கூட இடம்பெறவில்லை. கட்டட வரைவாளராக 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த எனக்கு அது பெருங்குறையாகப் பட்டது. ஏனெனில் சிறிய வீட்டின் நன்மையும் தீமையும் அறைக்கலன்கள் உள்ளே வருவதற்கு வெகுமுன்பே, பிளான் வரையும்போதே முடிவாகிவிடுகின்றன.

மடக்கு அறைக்கலன்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஹாங்காங்கில் கட்டடக் கலைஞர் கேரி சாங், சிறுவயதில் பெற்றோருடனும் சகோதரிகளுடனும் வாழ்ந்த 32 சதுர மீட்டர் வீட்டையே, கூரையில் பதித்த தண்டவாளங்களில் நகரும் சுவர்களைக் கொண்டு 24 விதமாக மாற்றிக்கொள்ளும்படி அமைத்தது மெச்சத்தக்க வேலை. ஆயினும் அது ஒருவர் தமக்கெனச் செய்துகொண்ட ஏற்பாடு. ஐந்து பேர் வாழும் வீட்டில் ஒருவர் உறங்கும் நேரத்தில் இன்னொருவர் படிக்க வேண்டியிருக்கும், மூன்றாமவர் இரவுப்பணி முடிந்து அப்போதுதான் திரும்பியிருப்பார். நோயாளி படுத்திருக்கும் வீட்டில் கட்டிலைப் பகலில் மடிக்க முடியாது. அத்தகைய குடும்பத்துக்கு வேண்டியது, கதவை மூடிக்கொள்ளக்கூடிய இரண்டு சின்னஞ்சிறு அறைகள். உருமாறும் ஒரே பெரிய அறை அதற்கு ஈடாகாது.

அடுத்தது காற்றும் வெளிச்சமும். நடுவில் நீண்ட நடைவழி, அதன் இருபுறமும் வீடுகள் என்ற அமைப்பில் தளத்துக்கு அதிக வீடுகள் கிடைக்கும் என்பதால் கட்டுவோர் அதையே நாடுகிறார்கள். ஆனால் அவ்வாறு கட்டினால் ஓரத்து வீடுகளைத் தவிர மற்றவற்றுக்கு ஒரு பக்கத்தில் மட்டுமே சன்னல் கிடைக்கும். ஒருபக்கச் சன்னல் வழியாக வரும் காற்று, கூரை உயரத்தைப்போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தூரம்வரைதான் உள்ளே சென்று பயன்தரும் என்பது வடிவமைப்பாளர்கள் பின்பற்றும் பொதுக் கணக்கு. எதிரெதிரே சன்னல்கள் இருந்தால் அது ஐந்து மடங்கு வரை நீளும். நடைவழியைக் கட்டடத்தின் ஒரு விளிம்புக்குத் தள்ளிவிட்டால் எல்லா வீடுகளுக்கும் இரு பக்கமும் திறப்பு கிடைத்துவிடும். இதற்காகத் தளத்துக்குச் சில வீடுகள் குறைந்தாலும் அந்த இழப்பை ஏற்கலாம் என்பது என் கருத்து. பிரான்சின் போர்தோ நகரில் 1960களில் கட்டப்பட்ட 530 குடியிருப்புகளை இடிக்காமல், குடியிருந்தவர்களை வெளியேற்றாமல், கட்டடக் கலைஞர்கள் ஆன் லகாடோன், ஜான்-பிலிப் வசால் இருவரும் சக கலைஞர்களோடு சேர்ந்து வெளிப்பக்கமாக ஏறத்தாழ 4 மீட்டர் அகலத்துக்குக் கண்ணாடித் தாழ்வாரங்களை இணைத்தார்கள். அறைகளின் உட்புறத்தில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமலே வீடுகள் அகன்றன, வெளிச்சம் பெற்றன.

தங்கள் கட்டுரை முற்றிலும் விட்டுவிட்ட ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். சிலி நாட்டின் இக்கீக்கே நகரின் மையத்தில், சுமார் 5,000 சதுர மீட்டர் நிலத்தில் ஏறத்தாழ 100 குடும்பங்கள் 30 ஆண்டுகளாகச் சட்டப்படி உரிமையின்றி வாழ்ந்துவந்தன. அரசு மானியத்தில் அங்கேயே முழு வீடுகள் கட்ட இயலாத அளவுக்கு நிலத்தின் விலை உயர்ந்திருந்தது. மலிவான நிலம் தேடி ஊருக்கு வெளியே அனுப்பினால் வேலையும் பள்ளியும் அவர்களுக்கு எட்டாமல் போய்விடும். கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் எலமென்டல் என்ற வடிவமைப்புக் குழுவினர் 2004இல் அங்கே நல்ல வீட்டின் பாதியை மட்டும் கட்டிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு வீடும் தொடக்கத்தில் சுமார் 36 சதுர மீட்டர். அருகிலேயே அதேயளவு வெற்றிடம், பின்னர் இரு மடங்காக்கிக்கொள்வதற்காக. எந்தப் பாதியை முதலில் கட்டினார்கள் என்பதில்தான் அந்த வடிவமைப்பின் நுட்பம் இருக்கிறது. அஸ்திவாரம், தாங்கும் சுவர்கள், படிக்கட்டு, சமையலறை, குளியலறை, குழாய் இணைப்புகள் என ஒரு குடும்பம் தனியாகச் செய்துகொள்ள முடியாதவற்றை எல்லாம் பொதுப்பணத்தில் முடித்துவிட்டு, கொத்தனார் ஒருவரைக் கொண்டு எழுப்பிவிடக்கூடிய சுவரையும் சன்னலையும் குடும்பத்தின் பொறுப்பில் விட்டார்கள். பின்னால் கட்டப்படும் பகுதிகள் பக்கத்து வீட்டாரின் காற்றை அடைக்காமலும் தெருவை ஆக்கிரமிக்காமலும் இருக்க வேண்டும் என்பதற்காகவே, வெற்றிடத்தின் எல்லைகளை முன்னரே வரையறுத்திருந்தார்கள்.

இதற்கு மாறாக, டோக்கியோவில் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா வடிவமைத்து 1972இல் எழுந்த நககின் கேப்சூல் டவரை நினைத்துப் பார்க்கிறேன். சுமார் 10 சதுர மீட்டர் அளவுள்ள 140 அறைப்பெட்டிகளைத் தொழிற்சாலையில் செய்து, இரண்டு கோபுரங்களில் பொருத்தியிருந்தார்கள். 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெட்டிகளை மாற்றிப் புதியவை பொருத்துவது திட்டம். ஒரு முறைகூட அது நடக்கவில்லை. 2022இல் கட்டடமே பிரித்தெடுக்கப்பட்டது. ஒரு பெட்டியை மாற்றுவது அதில் வாழ்ந்த தனி ஒருவரின் கைக்கு எட்டாத காரியமாக இருந்தது. இக்கீக்கேயில் சில செங்கற்களும் ஒரு விடுமுறை நாளும் போதுமாயிருந்தன. இளைய கட்டடக் கலைஞர்கள் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி எந்தச் சிறிய வீட்டைப் பற்றி எழுதினாலும் அதன் பிளானையும், வீட்டை நெடுக்காக வெட்டினால் உள்ளே தெரிவதைக் காட்டும் வெட்டுத்தோற்றத்தையும் படங்களோடு சேர்த்து அச்சிடுங்கள். சன்னல்கள் எத்திசை பார்க்கின்றன, கழிவுக் குழாய்கள் தளத்துக்குத் தளம் ஒரே நேர்கோட்டில் இறங்குகின்றனவா, ஓர் அறையைப் பின்னால் சேர்க்க இடம் உண்டா, அந்தக் கூடுதல் பாரத்தையும் கணக்கில் கொண்டு அஸ்திவாரம் போடப்பட்டிருக்கிறதா என்பவற்றை வாசகர்கள் தாமே பார்த்துக்கொள்வார்கள். குடியேறி ஐந்து ஆண்டுகள் கழித்து அதே வீட்டுக்குத் தங்கள் செய்தியாளரை மீண்டும் அனுப்பி, அந்தக் கட்டில் இன்னும் மடிக்கப்படுகிறதா என்றும் கேட்டு எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட வரைவாளர் ஒருவர்