பீப் போடும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

வணக்கம். தமிழ்க் காணொலிகளில் கெட்ட வார்த்தை வரும் இடத்தில் பீப் வைக்கிறவர்கள், தம்ப்நெயிலில் 'த*கொலை' என்று நட்சத்திரம் போடுகிறவர்கள், கமென்ட்டுக்குத் தடைச்சொல் பட்டியல் தயாரிக்கிறவர்கள், உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். வெளியாள் யாரோ குறை சொல்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம், நானும் உங்கள் கூட்டம்தான். பதினேழு வருடம் அச்சுப் பத்திரிகையில் பிழை திருத்தினேன். இப்போது வடபழனியில், நான்காவது ஆள் உள்ளே வந்தால் ஒருவர் எழுந்து நிற்க வேண்டிய ஓர் எடிட் அறையில் சப்டைட்டில் அடிக்கிறேன். 'சப்டைட்டில் அக்கா' என்று கேட்டால்தான் அங்கே என்னைத் தெரியும்.

கொஞ்ச நாள் முன்பு தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவரைப் பேட்டி எடுத்தோம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். குப்பை எடுக்கப் போன தெருவில் ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் சாதிப் பெயரைச் சொல்லி, தண்ணீர் கேட்டவரின் செத்துப்போன தாயையும் இழுத்து, தெருவே கேட்கத் திட்டியிருக்கிறார். அதை அந்த அம்மா அப்படியே, குரலைக்கூட அந்த ஆள் மாதிரி மாற்றிச் சொல்லிக் காட்டினார். ஆறு நிமிடப் பேட்டியில் எங்கள் எடிட்டர் தம்பி பதினொரு இடத்தில் பீப் வைத்தான். ஹெட்போனைக் கழற்றி நீட்டி, "க்ளீனா இருக்குக்கா, கேளுங்க" என்றான். கேட்டேன். சப்டைட்டிலில் பதினொரு இடத்திலும் மூன்று மூன்று நட்சத்திரம் போட்டேன். ஏற்றிவிட்டோம்.

மறுநாள் அந்த அம்மா போன் செய்தார்.

"என்னம்மா, அவன் பேசுனதெல்லாம் கூ கூன்னு ஆக்கி வெச்சிருக்கீங்க? பாக்குறவங்களுக்கு நான்தான் அசிங்க அசிங்கமாப் பேசுற மாதிரி இருக்கு. பக்கத்து வீட்டுப் பொண்ணு கேக்குது, 'என்னா பெரிம்மா, இவ்ளோ கெட்ட வார்த்த பேசுவியா நீ'ன்னு."

எனக்குப் பதில் வரவில்லை. திட்டியவன் வாயைக் கழுவிவிட்டு, அந்த அழுக்குத் தண்ணீரைத் திட்டு வாங்கியவர் மேல் ஊற்றியிருக்கிறோம். செய்தது நானும் அந்தத் தம்பியும்தான். எந்த நிறுவனமும் எங்களைச் செய்யச் சொல்லவில்லை.

அன்று ராத்திரி அந்தப் பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டேன். நான்கு, அந்த ஆள் சொன்ன உடலுறுப்பு வசவுகள். இரண்டு, அவருடைய தாயைக் குறித்தவை. மீதி ஐந்தும் சாதிப் பெயர். சாதிப் பெயர் எப்போது கெட்ட வார்த்தை ஆயிற்று? அது சாதிச் சான்றிதழிலும் அரசாணையிலும் இருக்கிற பெயர். அதைக் கெட்ட வார்த்தையாக்கியது அந்த வீட்டுக்காரரின் நாக்கு. நாமும் பீப் வைத்து, 'ஆமாம் ஐயா, அது காதில் விழக்கூடாத வார்த்தைதான்' என்று அவருக்கு ஒத்து ஊதிவிட்டோம்.

சட்டப்படி பார்த்தாலும் நாம் செய்தது விபரீதம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. 2015-இல் திருத்தப்பட்ட பிறகு, பொதுப் பார்வையில் படும் எந்த இடத்திலும் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது 3(1)(எஸ்) பிரிவின்படி தனிக் குற்றம். அங்கே குற்றமே அந்தப் பெயரைச் சொன்னதுதான். அதை மட்டும் பொறுக்கி எடுத்துப் பீப் வைத்தால் மிச்சம் இருப்பது தண்ணீர்ச் சண்டை. இணையத்தில் ஏற்றிய காணொலியும் பொதுப் பார்வைக்குள் வரும் என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது.

நீங்கள் ஏன் பீப் வைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பயம். முதல் 7 வினாடிக்குள் கெட்ட வார்த்தை வந்தால் விளம்பர வருமானம் போகும் என்று 2022 நவம்பரில் யூடியூப் விதி போட்டது. 2023 மார்ச்சில் அதைத் தளர்த்தியும் விட்டார்கள். விதி இறங்கிவிட்டது, நமக்கு ஏறிய பயம் இறங்கவில்லை. அப்புறம் போலீஸ் பயம். தமிழ்நாட்டில் அடிதடி எஃப்ஐஆர் ஒன்றையாவது பார்த்தவர்களுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி) மனப்பாடமாக இருக்கும். பொது இடத்தில் ஆபாச வார்த்தை பேசுவதற்கான அந்தப் பிரிவு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 296 ஆகியிருக்கிறது. ஆனால் அதே ஆண்டு மார்ச்சில், ஓர் இந்தி வெப் தொடர் மீதான வழக்கை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், வசைச்சொல் கேட்க அருவருப்பாக இருக்கலாம், அதனாலேயே அது ஆபாசம் ஆகிவிடாது என்று பிரித்துக் காட்டியது. நாம் அந்தப் பிரிப்பைச் செய்வதே இல்லை. சந்தேகம் என்றால் பீப்.

'மரியாதைன்னு ஒண்ணு இருக்கேக்கா' என்பீர்கள். இருக்கிறது. நான் ஒன்றும் எல்லாவற்றையும் போட்டு உடைக்கச் சொல்லவில்லை. இந்த மடலிலேயே அந்த வீட்டுக்காரரின் வார்த்தைகள் இல்லை பாருங்கள். எந்த அவையில் எதைச் சொல்வது என்ற கேள்வி தமிழுக்குப் புதிதும் இல்லை. 'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்' என்கிறது தொல்காப்பியம். பிழை திருத்திய காலத்தில் இந்த வரியை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன். அந்த அம்மாவின் போனுக்குப் பிறகுதான் கடைசிச் சொல் கண்ணில் பட்டது. அவையல் கிளவி என்றால் அவையில் சொல்லக்கூடாத சொல்; கிளத்தல் என்றால் சொல்லுதல். மறைத்துச் சொல் என்றுதான் விதி. சொல்லாமல் விழுங்கிவிடு என்று இல்லை. 'கால் கழுவி வந்தேன்' என்றால் என்ன நடந்தது என்று கேட்பவருக்குத் தெரியும். பீப் என்றால் என்ன தெரிகிறது? ஏதோ அசிங்கம் என்பது தெரிகிறது. யார் சொன்னது, யாரை, எதைச் சொல்லி என்று ஒன்றும் தெரிவதில்லை.

அடுத்த நூற்பா இன்னும் சுவாரசியம்: 'மறைக்குங் காலை மரீஇயது ஒராஅல்.' மறைக்கும்போதும், வழக்கில் பழகிப்போன சொல்லை மறைக்க வேண்டியதில்லை என்று விலக்குக் கொடுக்கிறது. அதற்கு உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவது யானை இலண்டமும் ஆட்டுப் பிழுக்கையும்; இரண்டும் சாணத்துக்கான சொற்கள்தான். அந்தப் புலவர்கள் ஆட்டுப் பிழுக்கைக்குப் பயப்படவில்லை. நாம் 'மயிர்' என்ற சொல்லுக்கு 'ம*ர்' என்று போடுகிறோம். 'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா' என்று வள்ளுவர் மானத்துக்கே உவமையாக எடுத்த சொல் அது.

இன்னொன்று கவனித்தீர்களா? ஆங்கிலத்தில் ஒரு நட்சத்திரம் ஒரே ஓர் எழுத்தொலியை விழுங்கும். நமக்கு அது ஓர் உயிர்மெய்யையே, மெய்யும் உயிரும் சேர்த்து, விழுங்கிவிடும். அதனால் பாதிச் சொற்கள் என்னவென்றே புரிவதில்லை. புரிகிறவை, வசவே தெரியாத பிள்ளைக்கும் கட்டம் கட்டிச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுகின்றன. அதிலும் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் காதில் விழவிட்டு நடுவில் மட்டும் 'கூ' வைக்கிற வித்தை இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவர் பெரிய ரசிகராகத்தான் இருக்க வேண்டும்.

பட்டியல் போடும் தங்கைகளுக்குத் தனியாக ஒரு சொல். இங்கிலாந்தில் ஸ்கந்தார்ப் என்றோர் ஊர். 1996-இல் ஏஓஎல் என்ற இணைய நிறுவனத்தின் கெட்ட வார்த்தை வடிகட்டி அந்த ஊர்ப் பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்து, ஊர்க்காரர்களைக் கணக்கே தொடங்க விடவில்லை. நாங்கள் அதைப் படித்துச் சிரித்தோம். அப்புறம் எங்கள் பட்டியலில் 'குஞ்சு' இருப்பதைப் பார்த்தோம். நாட்டுக்கோழி வளர்ப்பு பற்றிய காணொலிக்குக் கீழே 'ஒரு நாள் குஞ்சு என்ன விலை' என்று கேட்டவர்கள் அத்தனை பேரும் காணாமல் போயிருந்தார்கள். பட்டியல் போட்டது நான்.

அதே பட்டியல் எதைத் தாண்டிப் போகவிட்டது தெரியுமா? எங்களிடம் செய்தி வாசிக்கிற பெண்ணின் காணொலிக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'ரேட் என்ன?' அவ்வளவுதான். பிழையில்லாத இரண்டு சொற்கள். அதற்குக் கீழே இன்னொருவர், 'வீட்டில் ஆம்பளைங்க யாரும் இல்லையா தங்கச்சி' என்று. உறவுமுறை சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார், எந்த வடிகட்டி என்ன சொல்லும்? அந்தப் பெண் ஒரு வாரம் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே வாசித்தாள். பிறகு தன் சொந்தப் பக்கத்தில் படம் போடுவதை நிறுத்தினாள். பிறகு யாருக்கும் பதில் எழுதுவதையும் நிறுத்தினாள். அவளுக்கு மேல் யாரும் பீப் வைக்கவில்லை, தானே வைத்துக்கொண்டாள்.

இன்னும் ஒன்று. கொச்சை என்று நாம் அடக்குவது ஒரு வகை. செல்லம் மாதிரி புழங்கவிடுவது இன்னொரு வகை. 'ஙொய்யால' வந்தால் கை தானாகப் பீப்புக்குப் போகிறது. 'சண்டாளா' வந்தால் போவதில்லை, பாட்டி திட்டு என்று விட்டுவிடுகிறோம். சண்டாளர் என்பது தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர். அதை வசவாகவோ கிண்டலாகவோ பயன்படுத்துவோர் மீது வன்கொடுமைச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம் என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையமே 2024 ஜூலையில் சொன்னது. 'கேப்மாரி' என்று போட்டு எத்தனை தம்ப்நெயில் செய்திருப்போம்? வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்திய ஒரு சமூகத்தின் பெயர் அது. சீர்மரபினர் பட்டியலில் இன்றைக்கும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருக்கும் வீட்டுப் பிள்ளை ஒன்று நம் காணொலியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

'ஙொய்யால'வில் எந்தச் சாதியும் இல்லை என்பதால் எனக்கு அதன் மேல் கொஞ்சம் பிரியம்கூட உண்டு. பெரிய வசவு ஒன்றை மென்று மென்று பல்லில்லாமல் ஆக்கிய சொல் அது என்பார்கள்; பேசுகிறவர்கள் தாங்களே செய்துகொண்ட இடக்கரடக்கல், கூசும் சொல்லை மறைத்துச் சொல்வது. அதற்கும் மேலே ஒரு பீப் எதற்கு?

கடைசியாக நட்சத்திரம் போட்ட 'த*கொலை'க்கு வருகிறேன். அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்றால் 'உயிரை மாய்த்துக்கொண்டார்' என்று நல்ல தமிழ் ஏற்கெனவே இருக்கிறது. 'செத்தார்' என்பதைத் 'துஞ்சினார்' என்று சொல்வதை மங்கலம் என்று பெயர் வைத்துக் கற்றுக்கொடுத்த மொழி இது. நட்சத்திரம் போட்ட சொல் மங்கலமும் இல்லை, தகவலும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் அந்த எண்ணத்தோடு போனை எடுத்துத் தேடினால், நட்சத்திரம் போட்டா தேடுவார்? முழுச் சொல்லைத் தேடுவார். அதே தலைப்பில் மனநல மருத்துவர் ஒருவர் நாற்பது நிமிடம் பேசி, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ இரண்டு முறை சொன்ன காணொலியை நாமே நட்சத்திரம் போட்டு அவர் கண்ணில் படாமல் ஒளித்துவைத்திருக்கிறோம். 'பா*யல் வன்முறை', 'மாத*டாய்' எல்லாம் இதே கதைதான். மாதவிடாய்க்கு எதற்கு நட்சத்திரம் என்று கேட்டேன். "சேஃப்டிக்குக்கா" என்றான் தம்பி.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். பீப் வைப்பதற்கு முன் வார்த்தை யார் வாயிலிருந்து வந்தது என்று பார்க்கிறேன். பேசுபவர் தன் கோபத்தில் சொன்னதா, தன் மேல் விழுந்ததைத் திருப்பிச் சொல்கிறாரா? இரண்டாவது என்றால் அவரிடமே கேட்கிறேன். கேட்க ஒரு போன் போதும்.

அந்த அம்மாவிடமும் கேட்டேன். தன் தாயைப் பற்றிச் சொன்ன இரண்டும் வேண்டாம் என்றார். "செத்துப்போனவ, அவளப் போயி எதுக்கு" என்றார். உறுப்பு வசவு நான்கும் எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். சாதிப் பெயர் ஐந்தும் இருக்க வேண்டும். "அத எடுத்துட்டா நான் எதுக்கும்மா பேசுனேன்?"

ஆகவே பழைய பேட்டியை இணையத்திலிருந்து நீக்கிவிட்டோம். பீப் இல்லாத மூல ஒலி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. ஐந்து இடத்தைத் திறந்துவிட்டோம். மற்ற ஆறிலும் ஒலி அமுங்கும், ஆனால் சப்டைட்டிலில் நட்சத்திரம் இருக்காது. 'வீட்டுக்காரர் சொன்னது: என் தாயைப் பற்றி இழிவான சொல்' என்று வரும். 'வீட்டுக்காரர் சொன்னது' என்பதை மஞ்சள் நிறத்தில் வைத்திருக்கிறேன். எடிட்டர் தம்பிக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை, கண்ணைக் குத்துகிறதாம். வெள்ளி சாயங்காலம் ஏற்றுகிறோம். முதல் லிங்க் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அனுப்பச் சொல்லி அந்த அம்மாவே நம்பர் கொடுத்திருக்கிறார்.

அன்புடன்,
சப்டைட்டில் அக்கா
வடபழனி