44 சதவீதம், சரி, எதிலிருந்து?

ஆசிரியருக்கு,

நாளிதழில் புதிய மருந்து பற்றிச் செய்தி வந்தால், மறுநாளே அதைக் கத்தரித்துச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு யாராவது என் கிளினிக்குக்கு வந்துவிடுகிறார்கள். "மாரடைப்பைப் பாதியாக் குறைக்குதாமே டாக்டர், எனக்கு ஏன் எழுதித் தரலை?" நியாயமான கேள்விதான். ஆனால் செய்தியில் சதவீதம் மட்டும் இருக்கிறது. எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்பதைக் காணோம்.

2008 நவம்பரில் வெளியான ஜூபிடர் ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். இதய நோய் இல்லாத 17,802 பேர். கெட்ட கொழுப்பு அதிகமில்லை, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதம் மட்டும் ரத்தத்தில் கூடியிருந்தது. பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாடின் என்ற கொழுப்பு குறைக்கும் மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் 44 சதவீதம் குறைந்தன என்றது முடிவு. பொய்யில்லை. தலையை எண்ணிப் பார்த்தால், வெற்று மாத்திரை எடுத்த 8,901 பேரில் 251 பேருக்குப் பாதிப்பு. மருந்து எடுத்த 8,901 பேரில் 142. அதாவது சுமார் இரண்டு ஆண்டுகளில், ஆயிரத்துக்கு 28 என்றிருந்தது 16 ஆனது. புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்களோ மருந்துப் பக்கம் 270, மறுபக்கம் 216.

இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினால் ஒருவர், "அப்போ முதல்ல நடையைக் கூட்டுறேன், அப்புறம் பார்ப்போம்" என்கிறார். இன்னொருவர், "அந்தப் பன்னிரண்டு பேரில் நானும் இருக்கலாமே, எழுதுங்க" என்கிறார். இரண்டுமே எனக்குச் சம்மதம். வெறும் 44-ஐ வைத்துக்கொண்டு இருவராலும் முடிவெடுத்திருக்க முடியாது.

மருந்துக் கம்பெனி பிரதிநிதிகள் நீட்டும் பளபளப்புத் தாளிலும் இதே கதைதான். நன்மையைச் சொல்லும்போது சதவீதம். பக்கவிளைவு என்று வந்தால் மட்டும் 'ஆயிரத்தில் ஆறு பேர்' என்று கணக்கு மாறிவிடும். "அட்டவணையைக் காட்டுங்க தம்பி" என்பேன். பாவம், பல சமயம் அது அவர்கள் கையிலேயே இருக்காது.

அடுத்தது, எதை எண்ணினார்கள் என்பது. மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயம் இடையிடையே தப்பித் துடித்தால் திடீர் மரணம் நேரும் அபாயம் அதிகம். அந்தத் தப்புத் துடிப்பை அடக்கினால் உயிர் பிழைப்பார்கள் என்று நினைத்து என்கைனைடு, ஃப்ளெகைனைடு மருந்துகளைக் கொடுத்துவந்தார்கள். ஈ.சி.ஜி.யும் சீரானது. இந்த மருந்துகளைச் சோதித்த காஸ்ட் என்ற ஆய்வு இறப்பையே எண்ணிப் பார்த்தது. 1991-இல் வந்த முழு அறிக்கையின்படி, மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர்தான். மருந்து கொடுத்துவந்த மருத்துவர்கள் முட்டாள்கள் அல்லர். யோசனை அவ்வளவு பொருத்தமாக இருந்தது, அவ்வளவுதான். ஆகவே, ஒரு மருந்து சர்க்கரை அளவைக் குறைத்தது, கொழுப்பைக் குறைத்தது என்று எழுதும்போது, மாரடைப்பும் மரணமும் குறைந்தனவா, இல்லை அதை இன்னும் பார்க்கவே இல்லையா என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் செய்தியாளர்களுக்கு இது பெரிய வேலையில்லை. இரு பக்கமும் எத்தனை பேர், எத்தனை பேருக்கு என்ன நேர்ந்தது, எவ்வளவு காலம் பார்த்தார்கள், பணம் கொடுத்தது யார்: பெரும்பாலும் இவை ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே கிடைத்துவிடும். தலைப்பில் 44 சதவீதம் என்றே போடுங்கள், ஆட்சேபமில்லை. அதற்குக் கீழே முதல் பத்தியில் 28, 16 இரண்டையும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பொது மருத்துவர்