கருவுற்ற பெண்களுக்கான மனநல மருந்துகள் குறித்து மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி கோரி மனு

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை,
சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். மனம் மிகை எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறிமாறிச் செல்லும் இருமுனைக் கோளாறு என்ற மனநோய்க்கு லித்தியம் என்ற மருந்தை உட்கொண்டு பல ஆண்டுகள் நலமாக இருந்த என் தங்கை மகளிடம், அவள் கருவுற்ற இரண்டாம் மாதத்தில், மனநல மருத்துவரைக் கேட்காமலேயே எல்லா மாத்திரைகளையும் அன்றே நிறுத்திவிடும்படி பரிசோதனைக்குச் சென்ற இடத்தில் கூறினார்கள். ஐந்தாம் மாதத்தில் நோய் திரும்பி, உறக்கமின்றி, உணவின்றி, அவள் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டாள். யாரையும் தண்டிக்கக் கோரி இதை எழுதவில்லை. பணியிலிருந்த காலத்தில் இதே அறிவுரையை நானும் தயக்கமின்றிச் சொல்லியிருக்கிறேன், ஏனெனில் எனக்கு வேறு எதுவும் கற்றுத்தரப்படவில்லை.

லித்தியத்தைத் தொடர்வதா என்பது நோயின் கடுமையைப் பார்த்து முடிவு செய்யப்பட வேண்டியது. தொடர்ந்தால், கர்ப்பகாலத்தில் சிறுநீரகம் அதை விரைவாக வெளியேற்றுவதால் இரத்தத்தில் அதன் அளவு குறையும் என்பதையும், பிரசவத்துக்குப் பின் அது திடீரென ஏறக்கூடும் என்பதையும் அறிந்து, அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். மனச்சோர்வுக்குத் தரப்படும் செர்ட்ரலின் என்ற மருந்தை உட்கொள்ளும் தாயின் பாலில் அம்மருந்து மிகச் சிறிதளவே கலக்கிறது என்றாலும், தாய்ப்பாலை நிறுத்தச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறானது வால்புரோயேட். வலிப்புக்கும் மனநோய்க்கும் தரப்படும் இம்மருந்தைக் கர்ப்பத்தில் உட்கொண்டால், பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்குப் பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 சதவீதத்தினருக்கு மூளை வளர்ச்சிக் குறைபாடும் நேரலாம். அப்பிறவிக் குறைபாடுகளில் ஒன்றான தண்டுவடக் குறைபாடு கருவுற்ற முதல் நான்கு வாரங்களிலேயே உண்டாகிவிடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போனதை உணர்ந்து பெண் பதிவு செய்ய வருவதற்குள் காலம் கடந்துவிடும். ஆகவே மருந்துச் சீட்டு எழுதும்போதே குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்று கேட்க வேண்டும். வலிப்புக்காக உட்கொள்பவர் இதையும் தானாக நிறுத்துவது ஆபத்து.

பொது மருத்துவ நிலையங்களின் மருத்துவ அலுவலர்கள் அனைவருக்கும் அடிப்படை மனநலச் சிகிச்சையில் பயிற்சி அளிப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 31, அரசின் கடமையாக்கியுள்ளது. அப்பயிற்சியில் கர்ப்பகால, பாலூட்டும் கால மருந்துகளைத் தனிப் பாடமாகச் சேர்த்து, கிராம சுகாதார செவிலியர்களுக்கும் அளிக்குமாறு வேண்டுகிறேன். கர்ப்பப் பதிவின்போது மனநல, வலிப்பு மருந்துகள் பற்றிய கேள்வி கட்டாயமாக்கப்பட வேண்டும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் தொலைபேசியிலாவது அன்றே கலந்தாலோசிக்காமல் எந்த மருந்தையும் நிறுத்தக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பவும் கேட்டுக்கொள்கிறேன்.

என் தங்கை மகளின் ஒப்புதலுடன் அவளுடைய சிகிச்சைச் சீட்டுகளின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்